நட்டைப் பிடிக்க ஒரு கை

ரஷ்டேல் வீட்டு பீர் காய்ச்சுவோர் தோழமைச் சங்கத்தைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. நான் அதில் உறுப்பினர் இல்லை. அவர்கள் மாதாமாதம் கூடுகிற மெதடிஸ்ட் சர்ச் ஹாலைக் கூட்டிப் பெருக்குகிறவள், டீ போடுகிறவள், எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை மடக்கி வைக்கிறவள். ஆகவே நான் சொல்லப்போவது எல்லாமே நல்ல வார்த்தைதான்.

பீர் சங்கம் என்றால் பப்பில் கூடலாமே என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் கூடினார்கள். வீட்டில் காய்ச்சிய பீரைத் தன் பப்புக்குள் கொண்டுவரக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அவர் பிழைப்பு அவருக்கு. எங்கள் சர்ச் ஹாலிலோ எந்த பீரும் கூடாது. மெதடிஸ்டுகள் அந்த விஷயத்தில் கறார். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்த சங்கம், வாடகை குறைவு என்று எங்கள் ஹாலுக்கு வந்து சேர்ந்தது. பாட்டில் உள்ளே வரலாம், ஒரு சொட்டுகூடத் தொண்டையில் இறங்கக் கூடாது என்று பாதிரியாரோடு ஒப்பந்தம். அன்றிலிருந்து ஒருவர் பீரை ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள், முகர்ந்து பார்க்கிறார்கள், மார்க் போடுகிறார்கள். வருடாந்தரக் கோப்பையைத் தலைவர் ஹெட்லி ஆர்மிடேஜ்தான் விடாமல் வாங்கி வருகிறார். அவர் பீரைக் குடித்தவர் ஊரில் யாரும் இல்லை. குடித்திருந்தால் கோப்பை கைமாறியிருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

ஹெட்லி தண்ணீர் வாரியத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பீர் பாட்டில் மூடிகளைக் கோத்துச் செய்த சங்கிலி ஒன்று அவர் கழுத்தில் தொங்கும். மேயர் போட்டுக்கொள்வதைவிட அது கனம். அவர் மூச்சுவிட்டால் சலங்கை மாதிரி சத்தம் கேட்கும். கூட்டம் நடக்கும்போது சமையலறையில் இருந்தே தலைவர் கோபமாக இருக்கிறாரா தூங்குகிறாரா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

லயனல் சக்டன் இவருக்கு நேர்மாறு. எங்கள் ஊர் மேட்டுத்தெரு பஸ்ஸை ஆயுசு முழுக்க ஓட்டியவர். கடைசி வரிசையில் ஹீட்டர் பக்கம் உட்காருவார். கூட்டம் முடிந்ததும் தன் டீக் கோப்பையோடு வரிசையில் இருப்பவர்கள் விட்டுப்போன கோப்பைகளையும் பொறுக்கி என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார். கொடுத்துவிட்டு உடனே போகமாட்டார். துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவர் மனைவி டோரீன் இறந்துபோனதிலிருந்து இப்படி. அதற்கு முன்னால் கோட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்புகிறவர் அவர்தான்.

எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சும்மா போகமாட்டார்கள். ‘சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்’ என்று எவனாவது கதவைத் தட்டினால், யாரோ செத்துவிட்டார்கள், சொல்லத் தயங்குகிறான் என்றுதான் வீட்டுக்காரன் நினைப்பான். போவதற்கு எதாவது உடைந்திருக்க வேண்டும். வேலி சாய்ந்தால் போவார்கள். கார் கிளம்பாவிட்டால் மூன்று பேர் போய் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க நிற்பார்கள். மனைவி இருக்கும்வரை இதில் ஒரு கஷ்டமும் தெரியாது. ஆட்களைக் கூப்பிடுவது, கேக் வெட்டுவது, பிறந்தநாளை ஞாபகம் வைப்பது எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். அவள் போன பிறகுதான் வீட்டில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தால் வாசல்மணியும் அடிக்காது என்று தெரியவரும். எனக்கும் இது தெரியும். என் வீட்டுக்காரர் போவதற்கு முன் ஒரு கதவு கிறீச்சிடாமல், ஒரு ஜன்னல் ஆடாமல் எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துவிட்டுத்தான் போனார்.

இந்த நிலையில்தான் லயனல் வீட்டு பாய்லரின் குழாய் ஒழுக ஆரம்பித்தது.

பீர் காய்ச்சுகிற பாய்லர் என்பது பெரிய விஷயமில்லை. கல்யாண வீட்டு டீ பாய்லர் மாதிரி ஒரு எவர்சில்வர் டிரம். அடியில் கரண்ட் காயில், அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் குழாய். முளைகட்டிய தானியத்தில் எடுத்த மால்ட் கஷாயத்தையும் கசப்புக்கு ஹாப்ஸ் பூவையும் அதில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் இளகி, உள்ளே வாஷர் நெகிழ்ந்து, கஷாயம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். லயனல் வீட்டுச் சமையலறைத் தரையில் செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அதனால் அவர் சந்தைத் தெருக் கடையில் நல்ல கனமான எவர்சில்வர் குழாய் ஒன்று வாங்கினார், கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் திறக்கிற ஜாதி. வாங்கிவந்து மேஜைமேல் வைத்த பிறகுதான் சங்கடம். குழாயின் மரை வெளியிலிருந்து ஓட்டை வழியாக உள்ளே போகும். உள்பக்கம் ஒரு நட்டு. வெளியே குழாயை முறுக்கினால் உள்ளே நட்டும் கூடவே சுற்றும். ஒரு கை உள்ளே போய் நட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொரு கை வெளியே ஸ்பேனரைப் பிடிக்க வேண்டும். டிரம்மின் ஆழத்துக்குத் தோள்வரை கையை விட்டாக வேண்டும். பஸ் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிய லயனலின் இடது தோள் பாதி தூரத்துக்கு மேல் போகாது. முந்தின தடவை குழாய் மாற்றியபோது டோரீன் மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டாளாம். சின்னக் கை.

அந்த மாதக் கூட்டத்தில் ‘இதர விஷயங்கள்’ என்ற இடம் வந்தபோது லயனல் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

“பெருசா ஒண்ணுமில்ல தலைவரே. பாய்லர் குழாய் மாத்தணும். உள்ள நட்டைப் பிடிச்சுக்க ஒரு கை வேணும். அஞ்சு நிமிஷ வேலைதான். யாராவது சனிக்கிழமை வந்தா நல்லாருக்கும். டீ போட்டுத் தரேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. ஹெட்லி எழுந்தார். சங்கிலி குலுங்கியது.

“நண்பர்களே! நம்ம சங்கத்தோட பேர்ல என்ன இருக்கு? தோழமை இருக்கு! பீர் காய்ச்சறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான். தோழமைக்கு நாமதான். இன்னிக்கு நம்ம லயனல் ஒரு கை கேக்கறார். நான் கேக்கறேன், ஒரு கை போதுமா? நாம பத்தொம்பது பேர் இருக்கோம். முப்பத்தெட்டு கை இருக்கு! அத்தனையும் லயனலுக்குத்தான்!”

எல்லாரும் அந்த முப்பத்தெட்டு கையாலும் தட்டினார்கள்.

“அதனாலதான் சொல்றேன்,” என்றார் ஹெட்லி, “இதை அவசரப்பட்டு யாரோ ஒருத்தர் கையில விட்டுட முடியாது.”

செயலாளர் ட்ரெவர் மாட்லி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “அதோட இன்னொண்ணு தலைவரே. ‘இதர விஷயங்கள்’ல விஷயம் எதுவும் எடுக்கக் கூடாதுன்னு போன வருஷம் முடிவு பண்ணிருக்கோம். விஷயம் எடுத்தா அது விஷயமாயிடுது, அப்புறம் அது எப்படி இதர விஷயமா இருக்கும்?”

“பாத்தீங்களா லயனல், ட்ரெவர் இல்லன்னா நாம எங்க போய் நிப்போம்?” என்றார் ஹெட்லி. “அடுத்த மாசம் முறைப்படி எடுத்துக்கலாம். அதுவரைக்கும் அடியில ஒரு பேசின் வெச்சுக்கோங்க.”

லயனல் பேசின் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் குழாய் முதல் விஷயமாக வந்தது. ஆனால் அது எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்பதில் சிக்கல். பழுதான சாமானுக்குப் பதில் அதேபோல் வேறொன்று வைத்தால் பராமரிப்புக் குழு. பழையதைவிட உசத்தியாக வைத்தால் அபிவிருத்திக் குழு. பிளாஸ்டிக் போய் எவர்சில்வர் வருகிறது. இது மாற்றமா, உயர்வா? இரண்டு குழுவிலும் இருப்பது ஹெட்லி, ட்ரெவர், பாதுகாப்பு அலுவலர் கீத் வாம்ஸ்லி என்று அதே மூன்று பேர்தான். முதலில் பராமரிப்புக் குழுவாக ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார்கள். இது எங்கள் வேலை இல்லை என்று முடிவானது. எழுந்து, கோட்டையும் எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் போய் அபிவிருத்திக் குழுவாக உட்கார்ந்தார்கள். பராமரிப்புக் குழு தங்களைக் கலந்தாலோசிக்காமல் தள்ளிவிட்டதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். நான் நடுவில் டீயோடு நின்றேன், எந்தக் குழுவுக்குக் கொடுப்பது என்று தெரியாமல்.

“லயனல், நீங்க வாங்கின குழாய் என்ன உலோகம்?” என்று கேட்டார் ஹெட்லி. குரல் கொஞ்சம் மெதுவாக இருந்தது.

“எவர்சில்வர் தலைவரே.”

“என் பாய்லர்ல இருக்கறது பித்தளை.”

சொல்லிவிட்டுச் சங்கிலியை நெஞ்சில் நேராக்கிக்கொண்டார்.

“நான் அதைச் சொல்லிக் காட்டறேன்னு நினைக்காதீங்க. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒருத்தர் குழாய் இன்னொருத்தர் குழாயைவிட ஒசத்தியா இருந்தா எனக்கென்ன? நான் நினைக்கறதெல்லாம் சங்கத்தைப் பத்தித்தான். ஒரு சாதாரண உறுப்பினர் குழாய் தலைவர் குழாயைவிட ஒசத்தியா இருந்தா புதுசா வர்ற பையன்க என்ன நினைப்பாங்க? தலைமை மேல ஒரு மரியாதை வேணாமா?”

புதிதாக யாரும் அந்தச் சங்கத்தில் சேர்ந்து நான் பார்க்கவில்லை. கடைசியாகச் சேர்ந்தவருக்குப் போன மாதம் இடுப்பெலும்பு மாற்றினார்கள். கடைசியில் எவர்சில்வர் குழாய் பொருத்தலாம், ஆனால் அதைச் சங்கக் குறிப்புகளில் ‘வெள்ளைப் பித்தளை’ என்று எழுதுவது என்று முடிவாயிற்று. நட்டைப் பிடிக்கிற கை யாருடையது என்பது அதற்கடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

அன்றைக்குக் கோப்பை துடைக்க வந்த லயனலைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

“இத்தனை பாடு எதுக்கு லயனல்? நாளைக்குக் காலைல நான் வரேன். என் கை ஒண்ணும் பெரிய கை இல்ல. நட்டைத்தானே பிடிக்கணும்?”

அவர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே காய்ந்த கோப்பை.

“உறுப்பினர் இல்லாதவங்க கை பட்ட பாய்லர்ல காய்ச்சினா போட்டிக்குச் சேத்துக்க மாட்டாங்க ஐரிஸ். விதி இருக்கு.”

“அப்படி ஒரு விதியா?”

“டோரீனை வெச்சுத்தான் போட்டாங்க. ஒரு வருஷம் என் பீருக்கு நல்ல மார்க் வந்தது. டோரீன் நட்டைப் பிடிச்சது தலைவருக்குத் தெரிஞ்சுபோச்சு.” கொஞ்சம் சிரித்தார். “அவளுக்கு ஒரே பெருமை. என் கையைப் பத்தி ஒரு சட்டமே போட்டிருக்காங்கன்னு கடை கடையா சொல்லிட்டு வந்தா.”

போட்டியில் அவருக்கு அப்படி என்ன ஆசை என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அவர் போனதும், மடக்கிய நாற்காலிகளுக்கு நடுவில் நின்று ஹெட்லியை மனதார இரண்டு வார்த்தை திட்டினேன். சர்ச் ஹால் என்பதால் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் கீத் வாம்ஸ்லி மேடையேறினார். ஒரு மஞ்சள் சட்டை போட்டிருந்தார், ரோடு வேலைக்காரர்கள் போடுவது. கையில் என் தரை துடைக்கிற வாளி.

“அனுபவம் இல்லாத கை ஒரு பாத்திரத்துக்குள்ள போறதுங்கறது சாதாரண விஷயம் இல்ல,” என்றார் கீத். “உள்ள போறது எல்லாருக்கும் தெரியும். வெளிய வர்றதைப் பத்தி யாரும் யோசிக்கறதில்ல. நான் முப்பது வருஷம் பாதுகாப்புத் துறைல இருந்தேன். என் பார்வையில ஒருத்தருக்கும் அடிபடல. ஏன்? ஒருத்தரையும் வேலை செய்ய விடல!”

பெருமையாகத்தான் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக மேடைக்குப் போய் வாளிக்குள் கையை விட்டு, “பிடித்துவிட்டேன்” என்று உரக்கச் சொல்லி, கையை எடுத்தார்கள். ஒருவர் இடது கையை விட்டதால் திரும்ப வரிசைக்கு அனுப்பப்பட்டார். லயனலும் வரிசையில் நின்று கையை விட்டார். தன் வீட்டு நட்டை அடுத்தவர் பிடிக்க வருவதற்கு அவர் எதற்குப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் முகத்தில் எரிச்சல் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. வாளிக்கு முன்னால் நிற்கிறவர்களை அவர் ஒரு மாதிரி பிரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தேதி குறித்தார்கள். வரும் சனிக்கிழமை மதியம் லயனல் வீட்டில் சங்கத்தின் சிறப்பு அமர்வு. ஏழு பேர் வருவார்கள். ஹெட்லி முதன்மைக் கை. கீத் பாதுகாப்பு. ட்ரெவர் குறிப்பெடுப்பார், போட்டோவும் எடுப்பார். மீதி நான்கு பேர் சாட்சி.

லயனல் சமையலறைக்கு வந்தார். “ஐரிஸ், ஏழு கப் இரவல் தர முடியுமா? வீட்டுல எல்லாம் ரெண்டு ரெண்டாத்தான் இருக்கு.”

சர்ச் கோப்பைகளைக் கண்ணால் காணாத இடத்துக்கு அனுப்ப எனக்கு அனுமதி இல்லை. அதனால் கோப்பைகளோடு நானும் போனேன்.

அவர் வீட்டைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் துடைத்திருந்தார். பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று, இஞ்சி கேக் ஒன்று, சீஸ், ஊறுகாய் வெங்காயம், எல்லாம் மேஜையில் டோரீனின் பூப்போட்ட விரிப்பின்மேல். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தார். ஒரு மூலையில் அவர் காய்ச்சிய, மைல்ட் என்கிற கறுப்பு பீர் பாட்டில்கள், ஏழு கண்ணாடி டம்ளர். சலவை செய்த சட்டை போட்டு, முடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போனார்.

வந்தார்கள். ஹெட்லி சங்கிலியோடு வந்தார். வீடே நிறைந்துவிட்டது. கோட்டை எங்கே மாட்டுவது, கார் எங்கே நிறுத்துவது, இந்த மலைச்சாரல் மழை எப்போது விடும் என்று ஏழு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். லயனல் ஒவ்வொருவர் கோட்டாக வாங்கி மாடிப்படிக் கைப்பிடியில் போட்டார். கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு, அந்தக் கோட்டுகளைப் பார்த்தபடி ஒரு கணம் அங்கேயே நின்றார்.

“முதல்ல ஒரு டம்ளர் பீர் ஊத்தட்டுமா தலைவரே? இங்க நம்ம வீடுதானே, சர்ச் இல்லையே.”

ஏழு பேர் கண்ணிலும் ஆசை தெரிந்தது. ட்ரெவர் தொண்டையைச் செருமினார்.

“இது அதிகாரபூர்வ அமர்வு. அமர்வு எங்க நடந்தாலும் ஹால் விதிகள்தான். நாமளே மீறினா எப்படி?”

ஆகவே ஏழு பேரும் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், மேஜைமேல் திருப்பி வைத்தார்கள். “நல்ல வாசனை” என்றார் ஒருவர். டம்ளரை விட்டுக் கையை எடுக்கவில்லை.

பிறகு வேலை. ஹெட்லி சட்டைக் கையை மடித்து, சங்கிலியைக் கழற்றி ஒரு சாட்சியிடம் கொடுத்துவிட்டு, பாய்லருக்குள் கையை விட்டார். ட்ரெவர் போட்டோ எடுத்தார். லயனல் வெளியே ஸ்பேனரை வைத்தார்.

“நில்லுங்க!” என்றார் கீத். “உள்ள கை இருக்கும்போது வெளிய ஸ்பேனர் திரும்பக் கூடாது. விரல் நசுங்கும்.”

“அப்ப எப்படிப்பா திருப்பறது?” என்றார் லயனல்.

“கை வெளிய வந்தப்புறம் திருப்பலாம்.”

“கை வெளிய வந்துட்டா நட்டு சுத்துமே கீத்?”

“அது நட்டோட பிரச்சினை. நான் பாக்கறது கையை மட்டும்தான்.”

கொஞ்ச நேரம் கலந்து பேசினார்கள். தலைவர் நட்டைப் பிடித்துவிட்டார், அதற்குப் போட்டோவும் இருக்கிறது, ஆகவே சங்கத்தின் கடமை நிறைவேறிவிட்டது, திருப்புகிற வேலை வீட்டுக்காரருடையது என்று ஒரு மனதாக முடிவாயிற்று. ஹெட்லி “பிடித்துவிட்டேன்” என்று உரக்கச் சொல்லிக் கையை எடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

லயனல் மண்டியிட்டார். பாய்லரை மார்போடு அணைத்துக்கொண்டு, கன்னத்தை அதன் பக்கத்தில் அழுத்தி, இடது கையை உள்ளே விட்டார். பாதியில் தோள் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளினார். முகம் வெளுத்து வியர்த்துவிட்டது. வலது கையால் ஸ்பேனரைத் திருப்பினார். ஏழு பேரும் சுற்றி நின்று மரியாதையாகப் பார்த்தார்கள். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். கீத் தன் மஞ்சள் சட்டைக் கையை எனக்குக் குறுக்கே நீட்டினார், உறுப்பினர் இல்லாதவர் பாய்லரை நெருங்கக் கூடாதாம்.

நட்டு இறுகியது. பாய்லரில் தண்ணீர் நிரப்பினார்கள். எல்லாரும் குனிந்து குழாயைப் பார்த்தோம். ஒரு சொட்டும் இல்லை. காய்ந்து, பளபளவென்று, சொன்ன பேச்சைக் கேட்கிற குழாய்.

“பிரமாதம்!” என்றார் ஹெட்லி. “லயனல், உங்க ஆயுசுக்கும் இது ஒழுகாது. இனிமே நாங்க இங்க வர வேண்டிய அவசியமே இல்ல!”

வாழ்த்தாகத்தான் சொன்னார். லயனல் குழாயைப் பார்த்தபடியே நின்றார். பிறகு டீ குடித்தார்கள், பலகாரத்தையும் கேக்கையும் காலி செய்தார்கள், கோட்டுகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு, அமர்வு முடிந்தது என்று அறிவித்துவிட்டு மழையில் போனார்கள். அமர்வு முடிந்த பிறகாவது பீரைக் குடித்திருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தெருமுனையில் ஹெட்லியின் சங்கிலிச் சத்தம் கேட்கிறவரைக்கும் லயனல் கதவைச் சாத்தவில்லை.

நான் கோப்பைகளைக் கழுவினேன். மேஜையில் ஏழு டம்ளர் பீர் அப்படியே இருந்தது. நான் சர்ச் வேலைக்காரிதான், ஆனால் லயனல் வீடு சர்ச் இல்லை. ஒன்றை எடுத்துக் குடித்தேன். வறுத்த தானிய வாசனையும் லேசான கசப்புமாக, தொண்டையில் இதமாக இறங்கியது. இந்த ஊரில் இவ்வளவு நல்ல பீரை இத்தனை நாள் வெறுமனே முகர்ந்துகொண்டிருந்தார்கள்.

“நல்லாருக்கு லயனல். நிஜமாவே நல்லாருக்கு.”

திரும்பிப் பார்த்தேன். அவர் பாய்லருக்கு முன்னால் குந்தியிருந்தார். ஸ்பேனரைக் குழாயில் மாட்டி, பின்பக்கமாக லேசாகத் திருப்பினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குழாயின் கழுத்தில் ஒரு துளி திரண்டு, தொங்கி, பேசினில் விழுந்தது. அடுத்தது. அவர் காதைச் சாய்த்து அதைக் கேட்டார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

“அன்னிக்கு நான் வரேன்னு சொன்னேனே, என் கையை எதுக்கு வேணாம்னீங்க?”

“நீங்க வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே ஐரிஸ்,” என்றார் அவர், தலையைத் திருப்பாமல்.

கோபம் போய்விட்டது. மனுஷனை ஒரு வார்த்தை டீக்குக் கூப்பிட்டால் போதாதா என்று கேட்க வாயெடுத்தேன். எங்கள் ஊரைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். ஏழு கோப்பையையும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல்வரை அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டது.

அடுத்த கூட்டத்தில் லயனல் முறைப்படி எழுந்து, முறையான இடத்தில், குழாய் மறுபடி ஒழுகுகிறது என்றார். ஹெட்லியின் சங்கிலி இப்படிக் குலுங்கி நான் கேட்டதில்லை.

“நண்பர்களே, இது இனிமே வெறும் குழாய்ப் பிரச்சினை இல்ல. இது தொடர் பிரச்சினை! என் கை பிடிச்ச நட்டு ஒழுகுதுன்னா, யாரோ நம்ம சங்கத்தைச் சோதிச்சுப் பாக்கறாங்கன்னு அர்த்தம். நான் கோபப்படல. நான் எப்பவும் கோபப்படறதில்ல. ஆனா இதை ஏழு பேரோட விட்டா போதாது. மாவட்டக் கூட்டமைப்புலேர்ந்து நாலு பேரைக் கூப்பிடலாம். அவங்க தலைவருக்கும் சங்கிலி இருக்கு!”

தொடர் ஒழுகல் விசாரணைக் குழு என்று ஒன்று அமைந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை லயனல் வீட்டில் கூடும், ஒழுகல் நிற்கும்வரை. கடைசி வரிசையில் லயனல் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கண்டிக்கப்பட்ட மனிதரைப் போல இருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது.

கூட்டம் முடிந்து துணியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஐரிஸ், பதினொரு கப் கிடைக்குமா?”

அலமாரியைத் திறந்து எடுத்து வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒண்ணு அதிகமா இருக்கு. பதினொண்ணு போதும்.”

“அது எனக்கு. அந்த பீரை இன்னும் ஒரு தடவை குடிச்சுப் பாக்கணும்,” என்றேன். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, ஈரமில்லாத கையைத்தான், சொன்னேன். “அப்புறம் லயனல், உங்களுக்கு முடியும்னா ஒரு நாள் எங்க வீட்டுப் பக்கம் வரணும். சமையக்கட்டு ஜன்னல் சரியா மூட மாட்டேங்குது. காத்து புகுந்து உயிரை வாங்குது.”

அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

“கொக்கி தேஞ்சிருக்கும்,” என்றார். “அதை ஒரு நாள்ல பாத்துட முடியாது. ரெண்டு மூணு தடவை வர வேண்டியிருக்கும்.”

“வாங்க,” என்றேன்.

வீட்டுக்குப் போய் கோட்டைக்கூடக் கழற்றாமல், என் வீட்டுக்காரரின் கருவிப் பெட்டியைத் திறந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, அவர் அத்தனை பாடுபட்டுச் சரிசெய்து வைத்த சமையலறை ஜன்னல் கொக்கியைக் கழற்றிப் போட்டேன்.